87 டாலர் எங்கே போச்சு?

அமெரிக்காவில் பகுதிநேர வேலைக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகளும், அவர்கள் கையெழுத்துப் போடும் முதல் வரிப் படிவமும்

மணிக்கு 16 டாலர். வாரத்துக்கு 40 மணி நேரம். பெருக்கினால் 640. வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் விழுந்ததோ 553 டாலர் 44 சென்ட்.

“அப்பா, 87 டாலர் குறையுதுப்பா!”

“டாக்ஸ்மா. அப்படித்தான் பிடிப்பாங்க.”

அமெரிக்கத் தமிழ் வீடுகளில் கோடை விடுமுறை வந்தால் கேட்கிற உரையாடல்தான் இது. டெக்சாஸில் டல்லாஸை ஒட்டிய ஃப்ரிஸ்கோவில், நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக 10 வாரம் வேலை பார்க்கும் 16 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள். பெண்தான் கற்பனை, கணக்கு 2025ஆம் ஆண்டுக்கான நிஜக் கணக்கு. அப்பாவின் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 87 டாலர் ஒரே வரி அல்ல. இரண்டு பிடித்தங்கள். ஒன்று திரும்பி வரும், இன்னொன்று வராது. இது தெரியாமல்தான் பாதிக் குழப்பம்.

முதல் பிடித்தம் 48 டாலர் 96 சென்ட். ‘ஃபைகா’ என்று சம்பளச் சீட்டில் இருக்கும். முதுமைக்கால ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம், ஆக மொத்தம் 7.65 சதவீதம். முதல் டாலரிலிருந்தே பிடிப்பார்கள். வயது 16 ஆனாலும் 60 ஆனாலும் ஒரே விகிதம். எந்தப் படிவத்தில் என்ன எழுதினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இரண்டாவது 37 டாலர் 60 சென்ட். இதுதான் மத்திய அரசின் வருமான வரிக்கான முன்பிடித்தம். பிள்ளைக்குத் தேர்வு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. அந்தத் தேர்வை அவள் வேலையில் சேர்ந்த முதல் நாளே, பெரும்பாலும் படித்துப் பார்க்காமலே செய்து முடித்திருப்பாள். அந்தப் படிவத்தின் பெயர் டபிள்யூ-4.

வருஷம் முழுக்க வேலை என்று நினைக்கும் அட்டவணை

2025இல் தனிநபருக்கான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், அதாவது நிலையான கழிவு, 15,750 டாலர். ஆண்டின் தொடக்கத்தில் 15,000 ஆக இருந்தது. ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் உயர்த்தியது. பெற்றோரின் வரிக்கணக்கில் டிபெண்டன்டாக, அதாவது அவர்களைச் சார்ந்திருப்பவராக, இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கழிவு கொஞ்சம் வேறு மாதிரி: உழைத்துச் சம்பாதித்ததோடு 450 டாலரைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அல்லது 1,350 டாலர். இரண்டில் எது அதிகமோ அது, ஆனால் 15,750ஐத் தாண்டாமல். சம்பளம் மட்டும்தான் வருமானம் என்றால், 15,750 வரை வருமான வரி பூஜ்யம். நம் லைஃப்கார்டு பெண்ணின் ஆண்டு வருமானம் 6,400. அவள் கட்ட வேண்டிய வருமான வரி ஒரு சென்ட்கூட இல்லை.

பிறகு ஏன் வாரம் 37 டாலர் பிடித்தார்கள்? சம்பளப் பட்டுவாடா மென்பொருளுக்கு அவள் மாணவி என்பது தெரியாது. ஆகஸ்டில் பள்ளி திறந்துவிடும் என்பதும் தெரியாது. இந்த வாரம் 640 என்றால் 52 வாரமும் 640 என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 33,280 டாலர் சம்பாதிக்கும் ஆளுக்கு என்ன வரியோ, அதில் 52இல் ஒரு பங்கைப் பிடிக்கிறது.

இதே பெண் பள்ளி நாட்களில் வாரம் 15 மணி நேரம், மணிக்கு 15 டாலருக்குக் கடையில் நின்றால் 225 டாலர். 52ஆல் பெருக்கினால் 11,700. கழிவுக்குள் அடங்கிவிடுகிறது. வருமான வரிப் பிடித்தம் தானாகவே பூஜ்யம். டபிள்யூ-4இல் பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண், ‘தனிநபர்’ என்ற கட்டத்தில் ஒரு டிக், கடைசியில் கையெழுத்து. அவ்வளவு போதும். பிள்ளை வேலைக்குச் சேர்ந்த உடனே ‘எக்ஸெம்ப்ட் போடு, எக்ஸெம்ப்ட் போடு’, அதாவது பிடித்தத்திலிருந்து விலக்குக் கேள், என்று சித்தப்பா, மாமா எல்லாரும் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள். பள்ளி நாட்களில் சில மணி நேரம் மட்டும் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. கோடையில் முழுநேரம் உழைக்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

கோடைக்கென்றே இன்னொரு வழியும் உண்டு. ஆண்டில் 245 நாட்களுக்கு மிகாமல்தான் வேலையில் இருப்பேன் என்று எதிர்பார்ப்பவர், ‘பகுதி ஆண்டு முறை’யில் பிடித்தம் செய்யுங்கள் என்று முதலாளியை எழுத்துமூலம் கேட்கலாம். அப்போது வேலையில்லாத வாரங்களையும் கணக்கில் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் முதலாளியின் விருப்பம். ஐஸ்கிரீம் கடை மேலாளரிடம் இதைக் கேட்டால் அவர் விழிக்கத்தான் செய்வார். சட்டத்தில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

போர்க்காலத்தில் வந்தது

சம்பளம் கைக்கு வரும் முன்பே வரி பிடிக்கும் இந்த ஏற்பாடு அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது நிலைபெற்றது. அதற்கு முன் இந்த ஆண்டு சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டுதான் வரி கட்டினார்கள். போருக்கு முன்பு வருமான வரி பணக்காரர்களின் தலைவலி. போர்ச் செலவுக்காக வரம்பைக் கீழே இறக்கியதும், ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் வரி கட்ட வேண்டியதாயிற்று. வரி கட்டுவது தேசக் கடமை என்று சொல்ல 1942இல் டொனால்ட் டக்கை வைத்து வால்ட் டிஸ்னி ஒரு குறும்படமே எடுத்துக் கொடுத்தார். ஆனால் வாராவாரம் சம்பளத்தைச் செலவழித்துப் பழகியவர்களிடம் அடுத்த மார்ச்சில் மொத்தமாகக் கேட்டால் எங்கே போவார்கள்?

நியூயார்க்கின் மேசீஸ் பேரங்காடியின் பொருளாளர் பியர்ட்ஸ்லி ரம்ல், சம்பளத்திலேயே பிடித்துவிடலாம் என்று பிரசாரம் செய்தார். 1943 ஜூனில் சட்டம் வந்தது. ஜூலை 1 முதல் பிடித்தம் தொடங்கியது. அப்போது கருவூலத்தில் இதற்காக உழைத்த இளம் பொருளாதார அறிஞர்களில் ஒருவர் மில்டன் ஃப்ரீட்மன். அரசு பெருப்பதற்கு வழிகோலிய ஒன்றுக்கா நான் உதவினேன் என்று பிற்காலத்தில் அவரே நொந்துகொண்டார். அவர் கவலை அவருக்கு. வலி தெரியாமல் பிடித்துவிடுவது என்ற நோக்கம் என்னவோ நிறைவேறிவிட்டது. ஏப்ரலில் ரீஃபண்ட் வந்தால் அரசாங்கம் அள்ளிக் கொடுத்ததுபோல் பெரியவர்களே மகிழ்கிறார்கள். கொடுத்து வைத்திருந்தது அவர்கள் பணம், வட்டியும் கிடையாது.

‘எக்ஸெம்ப்ட்’ என்ற உறுதிமொழி

நம் ஊர் வங்கியில் வைப்புத்தொகைக்கு டி.டி.எஸ். பிடிக்காமல் இருக்க 15ஜி படிவம் கொடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். டபிள்யூ-4இல் விலக்குக் கோருவதும் அதுபோன்ற உறுதிமொழிதான். நிபந்தனைகள் இரண்டு. போன ஆண்டு எனக்கு மத்திய வருமான வரி எதுவும் இல்லை, இந்த ஆண்டும் இருக்காது என்று எதிர்பார்க்கிறேன். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

முதல்முறை வேலைக்குப் போகும் நம் பெண் இரண்டிலும் தேறிவிடுகிறாள். விலக்குக் கோரினால் வாரம் 591 டாலர் கைக்கு வரும். 10 வாரத்தில் 376 டாலர் ஏப்ரல் வரை காத்திருக்காமல் அவளிடமே இருக்கும். இந்த மாதிரிப் பிள்ளை தாராளமாக விலக்குக் கோரலாம் என்பதே என் கருத்து.

ஆனால் தாத்தாவைக் கேட்க வேண்டும். கும்பகோணத்துத் தாத்தா பேத்தி பெயரில் வங்கியில் 7 லட்சம் ரூபாய் போட்டு வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 49,000 ரூபாய் வட்டி. டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் சுமார் 570 டாலர். அமெரிக்கக் குடிமக்களுக்கு உலகில் எங்கே வந்தாலும் வருமானம் வருமானம்தான். டிபெண்டன்டாக இருக்கும் பிள்ளையின் மொத்த வருமானம் 1,350 டாலரைத் தாண்டி, அதில் உழைக்காமல் வந்த வட்டி, ஈவுத்தொகை போன்றவை 450 டாலருக்கு மேல் இருந்தால் விலக்குக் கோர முடியாது. அவள் கணக்கில் 12 டாலர் வரி முளைக்கிறது. இந்தியாவில் பிடித்த வரியைக் காட்டி அதைக் கழிக்கப் பார்ப்பது வேறு கதை. ‘வரியே இல்லை’ என்று எழுதிக் கொடுத்தது தவறாகிவிடுகிறது என்பதுதான் இங்கே விஷயம். பேத்திக்கு 16 வயதாகும்வரை அந்த வைப்புத்தொகையை அப்பாவே மறந்திருப்பார்.

விலக்கு ஓர் ஆண்டுக்குத்தான். அடுத்த பிப்ரவரி நடுவில் காலாவதியாகிவிடும். புதிய படிவம் கொடுக்காவிட்டால் முதலாளி சாதாரணத் தனிநபராகக் கருதிப் பிடிக்கத் தொடங்குவார். இதைவிடச் சிக்கலானது நடு ஆண்டில் நிலைமை மாறுவது. பள்ளி முடித்த பையன் கல்லூரிக்குப் போகும் முன் ஆறு மாதம் முழுநேர வேலை பார்க்கிறான், ஆண்டில் 25,000 டாலர் வந்துவிடுகிறது. கழிவு போக 9,250க்கு 10 சதவீதம், 925 டாலர் வரி. விலக்குக் கோரியிருந்தால் ஒரு டாலரும் பிடிக்கவில்லை, மொத்தத்தையும் ஏப்ரல் 15க்குள் கட்ட வேண்டும். போன ஆண்டு வரியே இல்லாத குடிமகனுக்கு முன்கூட்டிக் கட்டாத அபராதம் கிடையாது என்பது ஆறுதல். 925 டாலர் செலவாகாமல் கணக்கில் இருக்க வேண்டுமே! வரும்படி வளரும் என்று தெரிந்த நாளில் புதிய டபிள்யூ-4 கொடுத்துவிடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆதாரமே இல்லாமல் பொய்யாக விலக்குக் கோரினால் 500 டாலர் அபராதம் தனியாக உண்டு.

அப்பா நிரப்பினால்...

டபிள்யூ-4இல் பெற்றோர் கையெழுத்துக்கு இடமே இல்லை. பொய் சொன்னால் சட்டப்படி குற்றம் என்ற வரிக்குக் கீழே பிள்ளைதான் கையெழுத்திட வேண்டும். ஆனாலும் பல வீடுகளில் அப்பா லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொள்கிறார். இருபது வருஷமாகத் தன் வரியைத் தானே தாக்கல் செய்கிறவர். தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

மூன்றாம் படியில் ‘டிபெண்டன்ட்கள்’ என்று பார்த்ததும், ‘ஆமாம், இவள் டிபெண்டன்ட்தானே’ என்று ஏதோ தொகையை எழுதிவிடுகிறார். அந்த இடம் தன்னைச் சார்ந்து குழந்தைகள் உள்ள தொழிலாளிக்கானது. அதை நிரப்ப வேண்டியது அப்பாவின் டபிள்யூ-4இல். இன்னொன்று, இரண்டாம் படியில் ‘ஒன்றுக்கு மேற்பட்ட வேலை’ என்ற கட்டம். சனிக்கிழமை நூலகம், ஞாயிற்றுக்கிழமை பேக்கரி என்று இரண்டு குட்டி வேலை பார்க்கும் பையன் நேர்மையாக டிக் அடிக்கிறான். உடனே நிலையான கழிவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு பிடித்தம் நடக்கும். இரண்டு வேலையும் சேர்ந்து 15,750க்குள்தான் வரும் என்றால் அந்த டிக் வீண்.

2020க்கு முன் இந்தப் படிவம் வேறு மாதிரி இருந்தது. ‘அலவன்ஸ்’ எத்தனை, ஒன்றா பூஜ்யமா என்று கேட்கும். மாணவன் என்றால் பூஜ்யம் போடு, ரீஃபண்ட் வரும் என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியே படிவத்தில் இல்லை. 2017 வரிச் சட்டம் தனிநபர் விலக்குத் தொகையைப் பூஜ்யமாக்கிய பிறகு அதற்கு அர்த்தமும் இல்லாமல் போயிற்று.

‘பிள்ளை சம்பாதித்தால் என் கணக்கில் டிபெண்டன்டாகக் காட்ட முடியாதே’ என்ற பயமும் பரவலாக இருக்கிறது. 19 வயதுக்குட்பட்ட பிள்ளையோ, முழுநேர மாணவராக இருக்கும் 24 வயதுக்குட்பட்ட பிள்ளையோ எவ்வளவு சம்பாதித்தாலும், தன் பராமரிப்புச் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்காதவரை, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் டிபெண்டன்ட்தான். பிள்ளையின் சம்பளத்தைப் பெற்றோர் தங்கள் கணக்கில் சேர்க்கவும் கூடாது. குழப்பம் வேறிடத்தில் வரும். பிள்ளை பிப்ரவரியில் ஆசையாசையாகத் தன் ரீஃபண்டுக்குத் தாக்கல் செய்யும்போது, ‘வேறொருவர் உன்னை டிபெண்டன்டாகக் காட்ட முடியுமா’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க மறந்துவிடும். மார்ச்சில் பெற்றோர் மின்வழியில் தாக்கல் செய்யும்போது, அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். அதைத் திருப்பி அனுப்பிவிடலாம். 300 டாலர் ரீஃபண்டுக்காகப் பல ஆயிரம் டாலர் கணக்கு நின்றுபோகும்.

ஊர் மாறினால்

ஃப்ரிஸ்கோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, கணக்கு எளிது. பென்சில்வேனியாவில் இருந்தால் கதை வேறு. அங்கே 3.07 சதவீதம் ஒரே விகிதம், நிலையான கழிவு என்று எதுவும் இல்லை. அதே 6,400 டாலருக்கு 196 டாலர் மாநிலத்துக்குப் போகும். பல ஊர்களில் உள்ளாட்சிக்கு 1 சதவீதம் இன்னும் தனி. மத்திய டபிள்யூ-4இல் விலக்குக் கோரியது இங்கே செல்லாது. எடிசன் போன்ற ஊர்களில் தமிழர்கள் நிறைந்திருக்கும் நியூஜெர்சியில் தனிநபரின் ஆண்டு வருமானம் 10,000 டாலருக்குள் என்றால் மாநில வரி இல்லை. பிடித்திருந்தால் மாநிலத்துக்கும் தனியாகத் தாக்கல் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

டபிள்யூ-4 இல்லாத வேலைகள்தான் உண்மையில் சறுக்குமரம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது, பாட்டு வகுப்பு எடுப்பது, புல் வெட்டுவது. இங்கே முதலாளி இல்லை, பிடித்தமும் இல்லை. செலவு போக ஆண்டில் 400 டாலர் லாபம் வந்தாலே தாக்கல் செய்ய வேண்டும். ஃபைகாவில் முதலாளி செலுத்தும் மறுபாதியும் இப்போது நம் தலையில், 15.3 சதவீதம். கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்து 2,000 டாலர் சம்பாதித்த பெண்ணுக்கு வருமான வரி பூஜ்யம், சுயதொழில் வரி 283 டாலர்.

பெற்றோரின் சொந்தத் தொழிலில் வேலை பார்க்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஃபைகா கிடையாது என்ற சலுகையும் இருக்கிறது. ஆனால் அது பெற்றோர் தனி உரிமையாளராகவோ, பங்குதாரர் இருவரும் பெற்றோராகவோ இருக்கும் தொழிலுக்கு மட்டும். ஐ.டி. ஆலோசனைக்காக அப்பா வைத்திருக்கும் கார்ப்பரேஷன் இதில் சேராது.

அண்ணனுக்கு இல்லாத படிவம்

இத்தனையும் வேலை செய்ய அனுமதி உள்ள பிள்ளைக்கு. அமெரிக்காவில் பிறந்த தங்கை 16 வயதில் டபிள்யூ-4 நிரப்புவாள். சென்னையில் பிறந்து மூன்று வயதில் வந்த அண்ணன் எச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருந்தால் அவனுக்கு அந்தப் படிவத்துக்கே வழியில்லை. எச்-1பி பணியாளர்களின் வாழ்க்கைத்துணைகளில் சிலருக்கு 2015இல் வேலை அனுமதி திறந்தது, பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்களில் இது தினசரி உரசல். வகுப்புத் தோழர்களெல்லாம் பீட்சா கடையில் சம்பாதிக்கும்போது இவன் சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்குப் போகிறான்.

18, 19 வயதில் எஃப்-1 விசாவில் இளநிலைப் படிப்புக்கு வரும் மாணவர் கல்லூரி வளாகத்தில், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம். வரி நோக்கில் அவர் வெளிநாட்டவர், முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு ஃபைகா பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் கேட்டு வாங்க வேண்டும். பொதுவாக வெளிநாட்டு மாணவர்களுக்கு நிலையான கழிவு இல்லை. இந்திய மாணவர்களுக்கு மட்டும் உண்டு. 1989இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்த இரட்டை வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு தந்த வரம் இது. பக்கத்து அறை நண்பர் வேறு நாட்டவர் என்றால், அவர் படிவத்தைப் பார்த்து எழுதுவது நஷ்டம்.

கேட்காமல் கிடக்கும் பணம்

பிடித்த 376 டாலர் தானாகத் திரும்பாது. 6,400 டாலர் சம்பாதித்த பிள்ளை தாக்கல் செய்யக் கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டுக்குத் தாக்கல் செய்யாத சுமார் 9,40,000 பேருக்கு 100 கோடி டாலருக்கு மேல் ரீஃபண்ட் கிடக்கிறது என்று ஐ.ஆர்.எஸ். 2024இல் அறிவித்தது. மாணவர்களும் பகுதிநேர வேலைக்காரர்களும் இதைத் தவறவிடுவதாக அதன் தலைவரே சொன்னார். மூன்று ஆண்டுக்குள் கேட்காவிட்டால் பணம் கருவூலத்துக்கு.

முதலாளி ஜனவரி 31க்குள் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சீட்டைத் தர வேண்டும். ஆகஸ்டில் வேலையை விட்ட பிள்ளைக்கு அது பெரும்பாலும் ஏதோ ஒரு சம்பள இணையதளத்தில் காத்திருக்கும், கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். கடைசி வேலைநாளிலேயே அந்தக் கணக்கைப் பள்ளி மின்னஞ்சலிலிருந்து சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். டபிள்யூ-2இன் இரண்டாம் கட்டத்தில் உள்ளது பிடித்த வருமான வரி, அதுதான் திரும்பி வரும் தொகை. நான்காம், ஆறாம் கட்டங்கள் ஃபைகா, அவை வராது. சம்பளம் மட்டும்தான் என்றால் மென்பொருளில் அரை மணி நேர வேலை. காகிதக் காசோலையை ஐ.ஆர்.எஸ். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து படிப்படியாக நிறுத்தி வருவதால், பிள்ளையின் பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கு எண் தேவைப்படும். அப்பா பெயரில் மட்டும் இருக்கும் கணக்கைக் கொடுக்கக் கூடாது.